வரியில்லாக் கோப்பும் தராசக்காவும்

எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவர் தராசக்கா. ஆலைகளில் மூட்டை எடைபோடும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். அவற்றுக்குள் ஓடுவது ஃபோர்த் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல். அந்த மொழியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள்தான் எங்கள் குழு; நாற்பது பேர் தேறினால் அதிகம். எரிந்துபோன மின்சுற்றுப் பலகைகளை மாற்றிக்கொண்டே அக்கா தானாகக் கற்றுக்கொண்டார்.

பொது நிரல் ஒரே கோப்பு. திருத்தியவர் தேதி போட்டு மின்னஞ்சலில் அனுப்புவார். எதையும் தூக்கிப்போடாததால் நாங்கள் பீரோ என்று கூப்பிடும் நண்பர் வாங்கி வைப்பார். யாராவது பழைய பிரதியில் திருத்தி அனுப்பினால், இடையில் வந்த திருத்தம் அழிந்துவிடும். இப்படித்தான் அக்காவின் எடைத் திருத்தம் இரண்டு முறை காணாமல் போனது. இரண்டாம் முறை ஓர் ஆலையில் மூட்டைக்கு அரைக்கிலோ குறைந்தது.

"இன்னொரு தடவை ஆச்சுன்னா மெஷினோட உங்களையும் மாத்திடுவோம்" என்றார் அந்த ஆலையின் மேலாளர் அக்காவிடம்.

அக்கா குழுவைக் கூட்டினார். "கிட்னு ஒரு மென்பொருள் இருக்கு, அதுக்கு மாறுவோம். யார், எப்போ, எந்த வரிய மாத்தினாங்கன்னு அது காட்டும்."

பீரோ சிரித்தார். "நம்ம கோப்புல வரியே கிடையாதேக்கா. நானும் போட்டுப் பாத்தேன். ஒரு புள்ளிதான் வெச்சேன், மொத்தமும் மாறிடுச்சுங்குது உங்க கிட்."

உண்மைதான். எங்கள் பழைய கோப்பில் வரி முடிவுக் குறி இல்லை; கிட்டின் கண்ணுக்கு முழுக் கோப்பும் ஒரே வரி. அறுபத்து நான்கு எழுத்துக்கு ஒரு வரி என்று நாங்களே எண்ணிக்கொள்வோம். அக்கா அதற்கும் ஒரு சின்ன நிரலோடு வந்திருந்தார். கிட்டுக்குக் கொடுக்கும்போது அது கோப்பை வரிகளாக வெட்டும். இயந்திரத்துக்குக் கொடுக்கும்போது ஒட்டும்.

பீரோ வெட்டிய கோப்பைத் தன் எடிட்டரில் திறந்து, ஓர் எண்ணை மாற்றிச் சேமித்தார். ஒட்டி ஏற்றியதும் சோதனைப் பலகை கன்னாபின்னாவென்று உளறியது.

"போச்சு, தராசுக்குப் பேய் பிடிச்சிடுச்சு!" என்றார் ஒருவர்.

அக்கா பதறவில்லை. விரலை வைத்து எழுத்துகளை எண்ணினார். ஒன்பதாவது வரியில் நாற்பத்தொன்றுதான்.

"வரிக்கடைசி வெற்றிடத்தையெல்லாம் உங்க எடிட்டர் குப்பைன்னு பெருக்கிடுச்சு. நமக்கு அதுவும் எழுத்துதானே."

குறைகிற இடத்தை வெற்றிடத்தால் நிரப்பும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தார். பலகை சரியான எடை காட்டியது. மறுபடி வெட்டிக் கொடுத்ததும், மாறியது ஒரே வரி என்றது கிட்.

பீரோ நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பதினோரு வருஷக் கோப்பு என்கிட்ட இருக்கு. தேதி வரிசையில ஏத்திடலாமா?"

"ஏத்துவோம். என் திருத்தத்த முழுங்கினது யாருன்னும் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா கத்தாதீங்கக்கா. ரெண்டு தடவையும் நான்தான்னு நினைக்கிறேன்."