ஜெனரல் சிற்றம்பலம் ஏந்திய கற்பூரத் தட்டு

இதை நான் முன்பே சொல்லிவிட்டேன். போன தீபாவளிக்கு ஜெனரல் ஐயாவைப் பார்த்துவிட்டு வந்த அன்றே என் வீட்டுக்காரியிடம், "அடுத்த தீபாவளிக்கு ஐயா இருக்க மாட்டாரு" என்றேன். போன செவ்வாய்க்கிழமை கோலசிலாங்கூர் காப்பிக்கடையில் லோரியை நிறுத்தியதும் உரமூட்டை ஏற்றும் ராஜு ஓடிவந்தான். "அண்ணே, ஜெனரல் போயிட்டாரு லா!"

"தெரியும்டா" என்றேன். சொன்னேனே தவிர, வாங்கிய காப்பியைக் குடிக்க முடியவில்லை.

அவரைத் தெரியாதவர் நம் மலேசியத் தோட்டங்களில் யார்? புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்தாரின் மகன். அவர் சிறுவயதில் கிராணி வீட்டு வாசலில் விறைப்பாக நடந்து பழகும்போதே, "இவரு பட்டாளத்துக்குத்தான் போவாரு" என்று சொன்னவன் நான். அப்போது எனக்கு ஐந்து வயது. லெப்டினன்டாகச் சேர்ந்தார், கம்யூனிஸ்டுகளைத் தேடிக் காட்டில் கிடந்தார், காங்கோவுக்குப் போனார், பிரிகேடியர் ஜெனரலாகி ஓய்வு பெற்றார். காங்கோவில் அவர் முறைத்த முறைப்பில் ஒரு படையே துப்பாக்கியைக் கீழே போட்டது. இதை அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததிலிருந்து நானே புரிந்துகொண்டேன்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன், "ஐயா, நீங்க பயந்ததே இல்லதானே?"

"பயமில்லாதவனை நான் காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போனதில்லை, தம்பி. அவன் மற்ற ஆக்களையும் சாகடிச்சுப்போடுவான்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நான் சொல்ல வந்தது எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட வருடம் நடந்தது. வடிகால் தோண்டியபோது உருண்டைத் தலையோடு ஓர் இரும்பு கிடைத்தது. இடுப்பளவு உயரம், மேலெல்லாம் துரு. "பழைய இரும்புக்குப் போட்றலாம்" என்றார் வேலை வாங்கும் மண்டோர். நான் விடவில்லை. "மண்ணப் பொளந்துக்கிட்டு முனீஸ்வரரே வந்திருக்காரு, விக்கிறதா?" என்று ஒற்றை ஆளாகத் தூக்கிவந்து கோயில் மரத்தடியில் நட்டேன். மஞ்சள் பூசினோம், எண்ணெய் ஊற்றினோம். வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் தலையிலேயே சுருட்டைக் கொளுத்தி வைத்தோம்.

அடுத்த திருவிழாவுக்கு ஐயாதான் சிறப்பு விருந்தினர். மேளம் முழங்கியது. சாமியின் காலடியில் தட்டில் கற்பூரம் எரிந்தது. என் மகள் செல்வி சாமியின் மேல் சாய்ந்துகொண்டு சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஐயா சட்டென்று நின்றார். என் காதருகே குனிந்தார்.

"தம்பி, இது சாமியில்லை. யுத்தக் காலத்துக் குண்டு. இன்னும் வெடிக்கேல்லை."

 செல்வியைப் பார்த்தேன். பிறகு கேட்டேன், "எல்லாரையும் ஓடச் சொல்லட்டுமா ஐயா?"

"ஓடினா இடிபட்டு அதுக்கு மேலதான் விழுவினம். கற்பூரத்தை அணை."

"சாமிக்கு ஏத்துனத அணைச்சா சனங்க சண்டைக்கு வந்துருவாங்க ஐயா. இங்கயே தள்ளுமுள்ளு ஆயிரும்."

ஒரு கணம் யோசித்தார். பிறகு தட்டைத் தானே எடுத்தார். "அப்ப இது அணையக் கூடாது. கற்பூரத்தைப் போட்டுக்கொண்டே வா. ஓடாதை."

முதலில் செல்வியிடம் நீட்டினார். "பிள்ளை, கும்பிட்டுக்கொண்டு எனக்குப் பின்னால வாங்கோ." அவள் எழுந்தாள். அவள் முதுகில் சாமியின் எண்ணெய்க் கறை இருந்தது.

ஐயா தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை நோக்கி நடந்தார். "என்னாய்யா, ஆர்மிக்காரரு எம் பொழப்பையும் பிடுங்கிக்கிட்டாரு?" என்று பூசாரி முணுமுணுத்தார். தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சனம் பின்னால் வந்தது. எனக்கோ ஒவ்வோர் அடிக்கும் முதுகில் ஏதோ வெடிக்கப் போவது போலிருந்தது. மேளக்காரன் ஓங்கி ஒரு அடி அடித்தான். செத்தேன் என்றே நினைத்தேன். ஐயாவின் கை மட்டும் நடுங்கவே இல்லை. கல்லில் செதுக்கிய கை.

லயத்தைத் தாண்டிப் பள்ளித் திடலில் தட்டை இறக்கிய பிறகுதான் உண்மையைச் சொன்னார். மேளம் நின்றது.  பெண்கள் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மறுநாள் இராணுவத்தார் வந்து மணல் மூட்டை அடுக்கி அதை வெடிக்க வைத்தார்கள். கோயில் மரம் வேரோடு போனது. சத்தம் பாகான் நக்கோடா ஓமார் கடற்கரை வரை கேட்டு, மீனெல்லாம் தானாகக் கரையேறியது.

இறுதிச் சடங்கில் ஐயாவின் சவப்பெட்டிமேல் கொடி போர்த்தி, சிப்பாய்கள் வணக்கம் வைத்தார்கள். செல்வி பள்ளிச் சீருடையோடு வந்து நின்றாள். அந்தப் பித்தளைத் தட்டு இன்று என் வீட்டில் இருக்கிறது. கோயிலில் கேட்டும் நான் கொடுக்கவில்லை.

மேலே எழுதியதில் ஒன்று மட்டும் நானாகச் சேர்த்தது: அந்தக் கல்லில் செதுக்கிய கை. உண்மையில் ஐயாவின் கை நடுங்கியது. தட்டு கிடுகிடுவென்று ஆடி, எரியும் கற்பூரம் அவர் மணிக்கட்டில் விழுந்தது; அவர் உதறவில்லை. அதுவரை பாதிச் சனம் மரத்தடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் பூசாரி கையைத் தலைக்குமேல் கூப்பிக் கத்தினார்: "ஐயா மேல முனி எறங்கிட்டாருடா!"

அப்புறம்தான் எல்லாரும் எழுந்து வந்தார்கள்.