ஓர் அடுப்பு, இரண்டு உடம்பு

என் கணவருக்கு வாதமும் கபமும் கலந்த உடம்பு என்று திருவள்ளூர் வைத்தியர் நாடி பார்த்துச் சொன்னது ஒரு தை மாத வெள்ளிக்கிழமை. அவருக்காக நான் எழுதிய நோட்டில் முதல் வரியே அதுதான். எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த இரும்பு வார்ப்பு ஆலை ஒன்றில் அவருக்கு வேலை. நாங்கள் குடியிருந்தது கவரைப்பேட்டையில். அவருக்கு மூட்டுப் பிடிப்பு, வயிற்றில் காற்று, விடிந்தால் சளி. ஒன்றைத் தணிக்கப்போய் இன்னொன்றைக் கிளப்பிவிடக் கூடாது, சாப்பாட்டிலும் பழக்கத்திலும் தினமும் கவனம் வேண்டும் என்ற வைத்தியர், என் பக்கம் திரும்பி, "என்ன சாப்பிட்டாரு, எப்போ தூங்குனாரு, எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டு வாம்மா" என்றார்.

தேதி போட்டு எழுதுவது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். சந்தோஷமாகத் தலையாட்டினேன். நாடி பார்க்க என் கையை வைத்தியர் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

விடிந்ததும் என் கணவருக்குச் சுக்கு வெந்நீர். குழம்பில் மிளகும் பூண்டும் தூக்கலாக. ஒருநாள் விட்டு ஒருநாள் கொள்ளு ரசம். சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல். தயிர், தேங்காய், பூசணி, வெள்ளரி எதுவும் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. ஷிப்டு மாறும் வாரமெல்லாம் அவர் நேரத்துக்கு நான் எழுந்தேன், அவர் நேரத்துக்குத் தின்றேன். வீட்டில் இருந்தது ஒரே ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். அவருக்கு ஆக்கியதில் மிஞ்சியதுதான் எனக்கு.

பங்குனியில் அவர் மூட்டு தளர்ந்தது. படியில் சீட்டியடித்துக்கொண்டு இறங்கினார். சித்திரையில் எனக்கு வாயெல்லாம் புண், நெஞ்செரிச்சல், கண்ணில் சூடு.

"வாய்ல புண்ணா? நல்லதாப் போச்சு. ஊட்ல ரெண்டு நாளு அமைதியா இருக்கும்" என்றார்.

பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதைவிட, நான் சிரித்ததை நினைத்தால்தான் இன்றும் உடம்பு பற்றி எரிகிறது.

ஒருநாள் என் பங்குப் பொரியலில் மட்டும் கொஞ்சம் தேங்காய் துருவிப் போட்டேன். தட்டைப் பார்த்தார்.

"இன்னாமே இது? ஆளுக்கொரு சமையல் பண்ண இது இன்னா ஓட்டலா?"

அதன் பிறகு அவர் வேலைக்குப் போனதும் திருடியைப் போல, முந்தின நாள் சோற்றில் தெருவில் வாங்கிய மோரை ஊற்றிக் குடித்தேன். என் வீட்டில், என் கையால் ஆக்கிய சோற்றை. பத்து நாளில் எரிச்சல் அடங்கியது. ஆனால் வாய்ப்புண் ஆறவில்லை, வயிறு உப்பியது, முழங்கால் பிடித்தது, தூக்கம் போனது. கிளை நூலகத்தில் இருந்த இரண்டு வைத்திய நூல்களையும் எடுத்துவந்து படித்தேன். பித்தம் அடங்க வேண்டும் என்று ஆறியதையும் புளித்ததையும் தின்றால் வாதம் ஏறும் என்று இரண்டிலும் இருந்தது. அன்றைக்கே அவருடைய நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து என் உடம்பை எழுதத் தொடங்கினேன்.

ஆடி வெள்ளியில் மறுபடி திருவள்ளூர். வைத்தியர் நோட்டைப் புரட்டிக்கொண்டே போய்ப் பின்பக்கத்துக்கு வந்துவிட்டார்.

"இது யாரு? வாய்ப்புண்ணு, முழங்கால் பிடிப்பு, தூக்கமில்லைன்னு?"

"அது சும்மா எதுனா கிறுக்கிக்கினு இருப்பா, ஐயா" என்றார் என் கணவர்.

"கையைக் குடும்மா" என்றார் வைத்தியர். வெகு நேரம் பிடித்திருந்தார். பித்தமும் வாதமும் கலந்த உடம்பு என்றார். மிளகும் கொள்ளும் நெருப்பை வளர்த்தன, பழையதும் மோரும் காற்றை வளர்த்தன. எனக்கு வேண்டியது அப்போது வடித்த சூடான சோறு, நெய், பூசணிக் கூட்டு, கொத்தமல்லிக் கஷாயம், இரவில் பால். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். "உனக்கு ஆக்குனதை இந்தம்மா சாப்பிடக் கூடாது" என்று என் கணவரிடம் சொன்னார்.

"ஊட்ல இருக்கிறதே ரெண்டு பேரு, ஐயா. ரெண்டு சமையல்னா பேஜாரு இல்ல?"

"யாருக்குப்பா பேஜாரு? நீயா ஆக்கப் போறே?" என்றவர் என்னைப் பார்த்து, "ஆறு மாசமா ஏம்மா சொல்லலை?" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?" என்றேன். அவ்வளவு எழுதியும் ஆறு மாதத்தில் நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. வைத்தியர் நோட்டை மூடி என்னிடம் நீட்டினார்.

பஸ் பெரியபாளையம் தாண்டியது. என் கணவர், "ஒரு வாரம் ஆக்கிப் பாரு. சரியாச்சுன்னா பழையபடி ஒண்ணாவே ஆக்கிக்கலாம்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஸ்டவ்வில் முதலில் என் சின்னப் பாத்திரத்தை வைத்தேன். அவர் ஷிப்டு முடிந்து வந்தபோது நான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய ரசம் அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"எனக்கு இன்னும் ஆவலியா?"

"ஆகுது. எனக்கு நேரம் தவறக் கூடாதாம்."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, நோட்டையும் பேனாவையும் அவர் பக்கத்தில் வைத்தேன். "உங்க பக்கத்தை இனிமே நீங்க எழுதுங்க."

"எழுதினாப் போச்சு" என்றார்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் அந்த ஆடி வெள்ளியோடு நிற்கிறது. அதுவரை ஒரு வேளை விடாமல் அவர் தின்றது, தூங்கியது, இருமியது எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. அதன் பிறகு ஒரு வரி இல்லை. என் வாய்ப்புண் ஆறியதைப் பின்பக்கத்தில், ஆவணி கடைசி வெள்ளியில் குறித்திருக்கிறேன். ஆறிவிட்டதா என்று அவர் கேட்டதாக எந்தத் தேதியிலும் இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.