நான்கு விரல் குறைந்த கயிறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நாங்கள் பம்பாயில், மாதுங்காவில் குடியிருந்தோம். நானும் என் மனைவி ஜெயமும் நல்ல பருமன். ஆனால் லோக்கல் ரயிலில் மூன்று பேர் இடத்தை அடைக்கிறாள் என்று நான்தான் அவளைக் கேலி செய்வேன்.

அமெரிக்காவிலிருந்த அவள் தம்பி, எங்கள் இருவரையும் அழைத்துப்போய் அங்குள்ள பெரிய கேளிக்கைப் பூங்காவைக் காட்டுவதாக எழுதினான். ராட்டினத்தில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டின் நீளத்துக்கு ஒரு கயிறும் அனுப்பியிருந்தான், அளந்து பார்த்துக்கொள்ள.

"மொதல்ல நீ கட்டிப் பாரு. அங்க வந்து என் மானத்தை வாங்காதே" என்றேன்.

ஜெயம் கட்டினாள். கயிறு தாராளமாகச் சேர்ந்தது.

"இப்போ நீங்க வாங்கோ."

மூச்சை எக்கிப் பிடித்தும் எனக்கு நான்கு விரல் குறைந்தது.

அவள் சிரிக்கவில்லை. கயிற்றைச் சுருட்டியபடி, "போறது, விடுங்கோ. நீங்க ஏறலேன்னா நானும் ஏறலை. ரெண்டு பேருமா கீழ நின்னு வேடிக்கை பார்ப்போம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலை அவள் தம்பிக்கு நான் எழுதிய பதில் இன்னும் தபாலில் சேராமல் என் சட்டைப் பையில் இருந்தது. 'உன் அக்கா உடம்புக்கு அதெல்லாம் சரிப்படாது. நான் மட்டும் வருகிறேன்.'

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் ஜெயம் இந்தக் கதை வெளியாகும் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவள்.