நடு நட்சத்திரம் நகரவில்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அதுவும் வீட்டில் இல்லை... அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் தூணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் சர்வேயர். விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கமெல்லாம் நிலம் அளப்பது பிழைப்பு. வானத்தைப் படமெடுப்பது பைத்தியம். ஆறங்குலக் கண்ணாடியை நானே தேய்த்துச் செய்த டெலஸ்கோப் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் முதுகில் காமிராவைக் கட்டி, ஷட்டரை இருபத்தைந்து நிமிஷம் திறந்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒளிமேகமெல்லாம் ஃபிலிமில் வந்து உட்காரும்.

அதில் ஒரு சிக்கல். பூமி சுற்றுகிறதே! நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்கும். டெலஸ்கோப்பும் கூடவே நகர வேண்டும். மோட்டார் வைத்த கருவிகள் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இருக்கின்றன. என்னிடம் இருப்பது ஒரு திருகு. ஒருவர் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பிகளின் நடுவில் நிறுத்தி, அது விலக விலகத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். இருபத்தைந்து நிமிஷமும். பேசக் கூடாது, தும்மக் கூடாது.

எங்கள் வீட்டில் அந்த ஒருவர், மெர்சி. என் மனைவி.

லேப் டெக்னீஷியன். பகலெல்லாம் மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுக்களை எண்ணுகிறவள். அவள் கண் ஓரிடத்தில் நின்றால் நின்றதுதான். பராமரிப்பும் அவளே. வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் முக்கி, பஞ்சை அழுத்தாமல் இழுத்துக் கழுவுவாள். லென்ஸில் பூசணம் பிடிக்காமலிருக்கப் பெட்டிக்குள் வறுத்த அரிசிப் பொட்டலம் வைப்பாள். கொல்லைக்கு எதிரே, குச்சி அடுக்கி மருந்து முக்கும் தீப்பெட்டி ஆபீஸ். அங்கிருந்து வரும் தூசிக்கு டெலஸ்கோப்புக்கு உறை தைத்ததும் அவள்தான்.

நான் என்ன செய்வேன்? ஷட்டரைத் திறப்பேன். ஷட்டரை மூடுவேன். 'நான் எடுத்த படம்' என்று நண்பர்களிடம் காட்டுவேன்.

போன சித்திரையில் டெலஸ்கோப்புக்கு ஒரு சிமெண்டுத் தூண் கட்டினேன். கொத்தனார் செல்லையா அன்றைக்கே சொன்னார்.

"சார், இது கரிசலு. கோடைக்கு வெடிக்கும், மழைக்கு உப்பும். அடியில சுக்கான் பாறை தட்டுற வரைக்கும் தோண்டணும். ஆறடி போவும்."

"வீடா கட்டுதோம்? ஒரு தூணுதானே செல்லையா. ரெண்டடி போதும்."

"நான் சொல்லுததைச் சொல்லிட்டேன்" என்று மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

தூணின் மேல் டெலஸ்கோப் சுழலும் அச்சு வானத்தின் வடதுருவத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் வெகு தாழ்வு. தீப்பெட்டி ஆபீஸ் கூரை அதை மறைத்துவிடும். நமக்கென்ன? தொழிலே அதுதானே! சூரியனை வைத்து வடக்கைக் கணக்கிட்டு, ரசமட்டம் வைத்து, அச்சை நிறுத்திவிட்டேன். ஆவணியில் எடுத்த படங்கள் குண்டூசி குத்தியதுபோல் வந்தன.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. நல்ல மழை. டெலஸ்கோப் உறைக்குள் தூங்கியது.

தையில் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்தது. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், ஓரியன் நெபுலா என்ற ஒளிமேகத்தைக் குறிவைத்தோம். மெர்சி திருகைப் பிடித்தாள். இருபத்தைந்து நிமிஷம்.

நெகட்டிவ் வந்தது. நட்சத்திரமெல்லாம் புள்ளியாக இல்லாமல் கோடு கோடாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

எனக்கு வந்ததே கோபம்! நெகட்டிவை வெளிச்சத்தில் ஒரு தடவைதான் பார்த்தேன்.

"அசந்துட்டே, என்ன?"

"இல்லியே."

"அப்புறம் எப்படி இழுத்திருக்கு? நட்சத்திரமா தப்பு பண்ணுச்சு?"

"கம்பியை விட்டு அது விலகவே இல்லைங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"கண்ணு சொக்கியிருக்கும். உனக்கே தெரிஞ்சிருக்காது."



"நான் கண்ணு சொக்குனா ஆஸ்பத்திரியில ஒரு ஆளுக்கு மருந்து மாறிப்போவும். இன்னைக்கு வரைக்கும் எந்த டாக்டரும் என்னை இப்படிக் கேட்டதில்ல" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சண்டை இல்லை. சாப்பாடு வந்தது, காப்பி வந்தது. எது கேட்டாலும் 'சரிங்க' வந்தது. ஆனால் டெலஸ்கோப் பக்கம் அவள் வரவே இல்லை. ஒருநாள் காற்றில் உறை விலகித் தொங்கியது. துணி காயப்போட வந்தவள் அதைப் பார்த்தாள், துணியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். மூன்று வாரம்! அந்தச் 'சரிங்க'வைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. அந்த நெகட்டிவைப் பெரிய பிரிண்டாகப் போட்டு, 'இந்தா, பார்த்துக்கோ' என்று அவள் முன்னால் வைக்கத் தீர்மானித்தேன். சாட்சி தயாரிக்கக் கிளம்பினேன் என்று சொன்னால் பொருத்தம்.

ஸ்டுடியோக்காரர் ஆறுமுகம் கல்யாண வீட்டுப் படங்களில் கைதேர்ந்தவர். நெகட்டிவைப் பெட்டி வெளிச்சத்தில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

"இது எதுக்கு அண்ணாச்சி பெருசாப் போடுதீங்க? கெட்டுப்போன படம்லா?"

"அதுக்குத்தான். திருகைப் பிடிச்ச ஆளு அசந்ததைக் காட்டணும்."

அவர் மறுபடியும் குனிந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. இது கை அசந்த படம் இல்ல. தாலி கட்டுறப்ப என் கை ஆடுச்சுன்னா மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரே பக்கமாத்தானே இழுத்துக்கிட்டுப் போவாவ? இங்கன நடுவுல ஒண்ணு குண்டூசி குத்துன மாதிரி நிக்கு பாருங்க. ஓரத்துல உள்ளதுதான் வளைஞ்சிருக்கு. எல்லாம் அந்த நடுவுல உள்ளதைச் சுத்துது."

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன்.

நடுவிலிருந்ததுதான் மெர்சி குறிவைத்திருந்த நட்சத்திரம். சுத்தமான ஒரு புள்ளி. இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு மயிரிழைகூட விலகவில்லை. மற்றதெல்லாம் கிராமபோன் தட்டுக் கோடுகள்போல் அதைச் சுற்றி வளைந்திருந்தன. இதற்கு அர்த்தம் ஒன்றுதான் — அச்சு வடக்கைப் பார்க்கவில்லை. இது எனக்குத் தெரியாத விஷயமா? புத்தகத்தில் படித்தது. படம் போட்டு நாலு பேருக்கு விளக்கியது. ஆனால் பார்க்க வேண்டிய அன்றைக்கு நான் படத்தைப் பார்க்கவில்லை. குற்றவாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரே வீட்டுக்கு வந்து தூணின்மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் துவைகல்லில் இருந்து வரும் தண்ணீரில் மண் உப்பியிருக்கிறது. மறுபக்கம் காய்ந்து, என் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கிறது. நடுவில், இரண்டடி ஆழத்தில் நிற்கும் தூண் என்ன செய்யும்? சாய்ந்துவிட்டது. ஊரார் நிலத்தையெல்லாம் அளக்கிறவன் வீட்டுத் தூண்!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு புஞ்சையை அளவுச் சங்கிலி போட்டு நான் தப்பாக அளந்துவிட்டேன். அதிகாரி கேட்டபோது, "சங்கிலி பிடிச்ச ஆளு இழுத்துப் பிடிக்கல சார்" என்று சொன்னேன். அந்த ஆள் பக்கத்தில்தான் நின்றார். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம் இப்போது தூணடியில் ஏனோ ஞாபகம் வந்தது.

சைக்கிளை மிதித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெர்சி மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். வாசலில் நிழல் தட்டியதும், தலை நிமிராமல் இடதுகையைத் தூக்கி 'நில்லுங்க' என்று காட்டினாள். எண்ணிக்கொண்டிருந்தாள். நின்றேன். யாரோ ஒருவருடைய ரத்தம். அதற்கு முன்னால் நான் யார்?

எண்ணி முடித்து, எழுதிவிட்டு, வெளியே வந்தாள்.

"என்னங்க, வீட்டுல என்ன?"

நெகட்டிவை நீட்டினேன். "நீ பிடிச்ச நட்சத்திரம் அசையல. தூணு சாஞ்சிருக்கு."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். நிதானமாக. திருப்பிக் கொடுத்தாள்.

"தப்பு தூணு மேலதான்னு சொல்ல இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

பெஞ்சில் இருந்த அம்மா ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

"இல்ல. தப்பு என் மேல. உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

மெர்சிக்குக் கண் கலங்கியது. உடனே மறைத்துக்கொண்டாள்.

"செல்லையா அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாவ. இந்தத் தடவையாவது அவிய சொல்லுத ஆழத்துக்குத் தோண்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ரத்தம் தடவிய அடுத்த கண்ணாடிச் சில்லு காத்திருந்தது.

தூணை இடித்தோம். ஐந்தேமுக்கால் அடியில் கடப்பாரை 'ணங்' என்றது. சுக்கான். செல்லையா என்னைப் பார்த்துச் சிரிக்காமலிருக்க ரொம்பப் பாடுபட்டார்.

புதுத் தூண் இறுகி, போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஓரியன். மேற்கே சாய்வதற்குள் இரண்டு படத்துக்கு நேரம் இருந்தது. "முதல்ல நீங்க பிடிங்க" என்றாள். பிடித்தேன். இடுப்பு வலி, கழுத்து வலி. இருந்தாலும் பிடித்தேன். அடுத்ததை அவள் பிடித்தாள்.

நேற்று நெகட்டிவ் வந்தது. அவள் படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஓரம்வரை புள்ளி. நடுவில் நெபுலா, சிறகு விரித்ததுபோல். என் படத்தில் எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரு வால். ஒரே பக்கமாக.

மெர்சி சிரித்துவிட்டாள்.

"எத்தனாவது நிமிஷத்துல?"

"பன்னெண்டு இருக்கும். கொசு கடிச்சுது."

"எனக்கு எப்பவும்தான் கடிக்கு" என்றாள்.

இத்தனை வருஷத்தில், அந்தக் கொசு அவளையும் கடிக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.