எழுத்தில் கால் படாமல்

போன சனிக்கிழமை என் மகள் துளசியைக் கூட்டிக்கொண்டு சுன்னாகத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு மண்டபத்தில் சிறுவர் நூதனசாலை போட்டிருந்தார்கள். வாசலிலேயே பலகை — ‘தயவுசெய்து தொடவும்’. நம்புவீர்களா? கையைக் கட்டிக்கொண்டு பார்த்துப் பழகிய ஆட்கள் நாங்கள்!

துளசிக்கு எட்டு வயது. கப்பியில் கயிறு இழுத்தாள், மணலில் கோபுரம் கட்டினாள். எல்லாம் சரி. கடைசியில்தான் வில்லங்கம். தரையில் பெரிய றப்பர் பாய். அதில் சாப்பாட்டுத் தட்டு அளவில் தமிழ் எழுத்துகள், இடைவெளி விட்டு. எழுத்துக்கு எழுத்து குதித்துச் சொல் ஆக்க வேண்டும்.

“அம்மா, நானும் போகட்டே?”

“எழுத்திலை கால் வைக்கிறதே? சரஸ்வதியடி அது!”

பொறுப்பாக நின்ற இளம்பெண் சிரித்தாள். “இது சும்மா றப்பர், அன்ரி.”

“றப்பரிலை எழுதினாலும் எழுத்து எழுத்துத்தானே, தங்கச்சி.”

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் நகரமாட்டேன். அதை எப்படி விடுவது...

துளசி பாயின் ஓரத்திலேயே நின்றாள். மற்றப் பிள்ளைகள் குதித்தார்கள், விழுந்தார்கள், கத்தினார்கள். “உவளுக்குப் பயம்!” என்று ஒரு பொடியன் பழித்தான். அவள் கண் கலங்கியது. அப்போதும் நான் அவளைப் போக விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் சேலையை இழுத்தாள். “கையாலை தொட்டால் பாவமில்லைத்தானே?”

“கையாலை தொடலாம். அதுக்கென்ன.”

பக்கத்தில் நின்ற சிறுமியிடம் ஏதோ குசுகுசுத்தாள். அடுத்த நிமிடம் — முருகா! — துளசி இரு கைகளையும் பாயில் ஊன்றி நிற்கிறாள். அந்தச் சிறுமி பின்னால் அவள் கால்களைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், வண்டில் தள்ளுவதுபோல. நல்ல காலம், பாவாடை இல்லாமல் களிசான் போட்டு வந்தவள். ம... ர... ம்... ஒவ்வோர் எழுத்திலும் கை பதித்துப் போனாள். தள்ளியவளும் எழுத்துகளுக்கு நடுவே வெறும் இடம் பார்த்துத்தான் கால் வைத்தாள்!

“இதை நாங்கள் யோசிக்கவே இல்லை, அன்ரி!” என்றாள் அந்த இளம்பெண்.

பிறகென்ன, எல்லாரும் சோடி சோடியாக வண்டில்தான். பழித்த பொடியன் துளசியிடம் வந்து நிற்கிறான். “என்ரை காலைப் பிடிக்கிறியே?”

“ஏன், இப்ப உனக்குப் பயமில்லையோ?”

பிள்ளைகள் அப்படித்தான். நாங்கள் ‘கூடாது’ என்று வேலி போட்டால், அதைப் பிடுங்காமலே புகுந்து போக ஓர் ஓட்டை, ஒரு பொட்டு, கண்டுபிடிக்கிறார்கள். விளையாட விட்டால்தானே அந்த மூளை எங்களுக்குத் தெரியும்?

பின்னேரம் விளக்கேற்றும்போது சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டேன் — என் பிள்ளையை அவ்வளவு நேரம் ஓரத்தில் நிறுத்தி வைத்ததற்கு.