இரவல் கதிரை

அந்த இசைக் கோஷ்டியை நேரில் பார்த்தவன் நான் என்று இதுவரை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கனடாவிலிருந்து வந்த ஒருவரைப் பிடித்து வைத்து ஒரு பின்னேரம் முழுக்க அதைப் பற்றி விரிவுரையே நடத்தியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், அன்றைக்கு அவர்கள் பாடியதில் ஒரு பாட்டுக்கூட எனக்கு ஞாபகமில்லை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கதிரையின் காலை. வலது பின்னங்கால்.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து அவர்கள் எங்கள் புளியங்கூடல் வாசிகசாலை மண்டபத்துக்கு வரப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். அதற்கு முன்னர் அவர்களை எனக்குத் தெரிந்ததெல்லாம் பனையில் கட்டிய ஒலிபெருக்கி வழியாகத்தான். பக்கத்து ஊர்த் திருவிழாவில் அவர்கள் பாடினால், பாதிப் பாட்டைக் காற்று கடலுக்குக் கொண்டுபோய்விடும். மிச்சம் எங்கள் வளவுக்கு வரும். ஆனால் ட்ரம்ஸ் சத்தம் மட்டும் ஒன்றுவிடாமல் வந்து சேரும். அதை அடிப்பவர்தான் எனக்குத் தெய்வம். அவர் புண்ணியத்தில் எங்கள் வீட்டுக் குசினியில் நான் தட்டி நெளிக்காத பால்மா ரின் ஒன்றுகூட இல்லை.

வாசிகசாலைக்குச் சொந்தமாக இருந்தவை நாலு நீட்டு வாங்குகள். ஆகவே வழமைபோல வீட்டுக்கு ஒரு கதிரை இரவல் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்குக் கேட்டு வந்தவர் வாசிகசாலைச் செயலாளர்; அவர் அம்மாவின் தம்பி, எனக்கு மாமா.

எங்களிடம் ஐந்து கதிரைகள் இருந்தன. ஐந்தாவதுதான் பார்வைக்கு வடிவானது. முதுகிலே பூவேலை, பிரம்பு பின்னிய இருக்கை. அதன் வலது பின்னங்கால் எப்போதோ கழன்று, அப்பா கோந்து பூசிச் செருகிவிட்ட ஒன்று. வீட்டில் ஒருவரும் அதில் இருப்பதில்லை. கலியாண வீடு, செத்த வீடு என்று வெளியே போய்வருவது மட்டுமே அதன் தொழில். மாறிப்போகாமல் இருக்க முதுகின் பின்பக்கத்தில் அப்பா தன் முதலெழுத்துகளைச் சிவப்பு வர்ணத்தில், தூரத்திலிருந்தும் வாசிக்கும்படி எழுதியிருந்தார்.

கல்யாணம் முடித்து வேறு வீடு போன மாமாவுக்குக் காலின் கதை தெரியாது. அம்மா முகம் மலர அந்தக் கதிரையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, என்னைக் குசினிக்குள் இழுத்தார்.

"நீயும் கூடப் போ. கடைசி வரிசையில போடச் சொல்லு. மெலிஞ்ச ஆள் வந்தா இருக்க விடு. உடம்பான ஆள் வந்தா, அப்பா வாறார் எண்டு சொல்லு."

"அப்பா வாறாரோ?"

"அவர் ஏன் வாறார்?"

நிகழ்ச்சி பின்னேரம் நாலு மணிக்கு. பொழுதுபடுமுன், எங்கள் தீவைப் பட்டினத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பது கோஷ்டியின் நிபந்தனை. கடைசி வரிசையில் என் கதிரையைப் பிடித்தபடி நின்றேன். மேடையில் திடீரென்று ஒரு பரபரப்பு. ட்ரம்ஸ் வந்துவிட்டது, அடிப்பவரும் வந்துவிட்டார், அவர் இருக்கிற ஸ்ரூலைப் பட்டினத்திலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார்கள். மாமாவின் கண் மண்டபத்தைச் சுற்றி வந்து, பூவேலையில் நின்றது.

"மாமா, இது பின்னுக்குத்தானாம். அம்மா சொன்னவ."

"விசரா, எங்கட கதிரை மேடையில ஏறப்போகுது. கொம்மா கேட்டா எவ்வளவு சந்தோசப்படுவா!"

"மாமா, அப்பா வாறாராம்."

"வரட்டுமன். வாங்கில இருக்கட்டும்."

கால் ஆடுது மாமா என்று மூன்று சொல்லில் விஷயத்தை முடித்திருக்கலாம். முடித்தால், ஆடுகிற கதிரையை அறிந்தே ஊருக்குக் கொடுத்தவர் என்ற பெயர் அம்மாவுக்கு வரும். சொல்லாவிட்டால் என் தெய்வம் விழும்; நாரி முறியும்; கோஷ்டி இனி இந்தத் தீவுப் பக்கம் தலைவைத்தும் படுக்காது; கவிழ்ந்து கிடக்கும் கதிரையில் அப்பாவின் எழுத்தைச் சபை முழுவதும் வாசிக்கும். பத்து வயதில் இதற்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல ஏலாது. வாயை மூடிக்கொண்டு மேடைக்கு அருகே ஓடினேன்.

தெய்வம் வந்தார். ஒலிபெருக்கியில் கேட்டபோது அவர் மெலிந்தவராகத்தான் இருந்தார். நேரில், எங்கள் வீட்டு அலுமாரிக்குக் கைகால் முளைத்த மாதிரி இருந்தார். கதிரையில் அமர்ந்தார். கால் ஒருமுறை முனகியது. எனக்குத் தெரிந்த அம்மன் எல்லோருக்கும் நேர்த்தி வைத்தேன்.

பாட்டு தொடங்கியதும் அவர் சற்றே எழும்பினார். இருப்பும் இல்லை, நிற்பும் இல்லை. தொடைகள் நடுங்க, கழுத்து நரம்பு புடைக்க, வேர்வை ஊற்ற, அந்தரத்தில் நின்று அடித்தார். "உருவந்தல்லோ அடிக்கிறான்!" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர், சாமி ஏறியவரைக் கண்டதுபோல. எனக்கும் மயிர் கூச்செறிந்தது. ஆனாலும் கண்ணைக் காலிலிருந்து எடுக்க முடியவில்லை. எப்போதாவது அவர் மறந்துபோய்ப் பாரத்தை இறக்குவார். கால் ஒரு நூல் வெளியே வரும். என் உயிரும் அதோடு வரும்.

நாலாவது பாட்டில் 'டக்' என்று கேட்டது. கண்ணை இறுக்கி மூடினேன். ட்ரம்ஸ் நிற்கவில்லை. திறந்து பார்த்தால், மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மெல்ல எழும்பிச் சுவரோரம் போய்க் கைகட்டி நின்றார், அங்கே நின்று கேட்டால்தான் சுகம் என்பதுபோல. அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் அசையவே இல்லை. தாளம் போட ஒரு கால் எழவில்லை. விசிலடிக்கிற பெடியளும் பூசையில் நிற்பதுபோல இருந்தார்கள். பாடகர் நெகிழ்ந்துபோய் மைக்கில் சொன்னார்: "இப்பிடி அடக்கமாக் கேக்கிற சனத்தை நாங்கள் ஒரு இடத்திலயும் காணேல்லை."

கால் கடைசிவரை கழலவில்லை. கதிரையைத் தலையில் சுமந்து வீடு வந்தேன். அம்மா காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த செத்த வீட்டுக்கென்று அதை மூலையில் வைத்தார்.

கொடுப்பதற்கென்றே ஒரு கதிரை எல்லா வீட்டிலும் உண்டு என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. அன்று அந்த மண்டபத்தில் ஊரின் நொண்டிக் கதிரைகள் அத்தனையும் கூடியிருந்தன. தான் கொடுத்தது எப்படிப்பட்டது என்று அறிந்த ஒவ்வொருவரும், அடுத்த வீட்டுக் கதிரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சங்கீதம் கேட்டிருக்கிறார்கள். இந்த ஞானம் வந்த பிறகும் ட்ரம்ஸ்காரரை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தரத்து நிலை அவருடைய கலை என்றே நம்பினேன். பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் நானும் அப்படியே எழும்பி நின்று அடித்து, முழங்கால் நோவோடு வெளியேற்றப்பட்டிருக்கிறேன்.

போன வருடம் மானிப்பாயில் ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டேன். நன்றாக வயதாகி, உடம்பு வற்றியிருந்தார். பக்கத்தில் போய் இருந்து, அந்தப் பின்னேரத்தை, அந்த உருவை, நான் பட்ட பாட்டை எல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பாயசக் குவளையைக் கீழே வைத்தார்.

"ஸ்ரூலை மறந்திட்டுப் போற இடமெல்லாம் அப்பிடித்தான் தம்பி அடிக்கிறனான். நல்ல கதிரை ஆர் தந்தவை? நீர் எந்த ஊர் எண்டு சொன்னனீர்?"