கொக்கானுக்கு எடுத்த கல்

தெருவைக் கிண்டியவர்கள் இன்று லொறியில் கூழாங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நாடுவிட்டு வந்து நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாங்கள் இருந்த பழைய மாடிவீடு நினைவுக்கு வந்துவிட்டது, மிளகாய்த்தூள் மணக்கும் படிக்கட்டோடு.

கீழ்வீட்டுப் பெரியவரை பிரெஞ்சில் முசியே, ஐயா, என்றுதான் அழைப்போம். உலகப்போரில் பிரான்சின் டியெப் துறைமுகத்தில் சிப்பாயாக இறங்கியவர். கரை முழுக்கக் கூழாங்கல்; டாங்கிகளே அதில் சிக்கி நின்றனவாம். கூட இறங்கிய தம்பி அங்கேயே விழுந்தார். உடலை எடுக்க முடியவில்லை. எதிரியிடம் பிடிபட்ட முசியே தம்பியின் பக்கத்தில் கிடந்த ஒரு கல்லை மட்டும் ஒளித்துக் கொண்டுவந்தார். அது அவர் ஜன்னலில் இருந்தது.

இதெல்லாம் தெரியாத ஏழு வயதில், கல்லை எறிந்து பிடிக்கும் கொக்கான் விளையாட்டுக்கு ஐந்தாவது கல் தேடி, அதை எடுத்துப்போய்ப் பனியில் தொலைத்தேன். அப்பா என்னை அவரிடம் இழுத்துப் போனார். பூந்தொட்டியில் பொறுக்கிய வேறொரு கல்லை நீட்டினேன். முசியே அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"ஸே பா லுயி."

"அவன் இல்லையாம்," என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்பா, பிரெஞ்சில கூழாங்கல்லும் ஆம்பிளைதான், அதுக்கும் 'லுயி'தான். 'அது இல்லை' எண்டு சொல்லுங்கோ."

"நீ பேசாமல் இரு, பிள்ளை. அவன் எண்டுதான் சொல்லுறார்."

அப்பாவுக்குப் பிரெஞ்சு ஓடாது. ஆனால் ஊரில் ஷெல்லடிக்குள் விழுந்த தன் தம்பியை வீதியில் விட்டு ஓடிவந்தவர் அவர்.

இன்று டியெப் பற்றி யார் கேட்டாலும் நிறுத்தாமல் கதைப்பேன். லொறி போனபின் குனிந்து சில கற்களை எடுத்துப் பார்த்தேன்.

எதுவும் அவன் இல்லை.